ஒரே அளவுகோல்

வாலாஜாபாத்துக்கு மேற்கே, பக்கத்திலேயே இருக்கிறது காஞ்சிபுரம். அங்கே நீதிமன்றத்தில் தாத்தா வேலை பார்த்ததால், கணித மேதை ராமானுஜனின் சிறுவயதில் கொஞ்ச காலம் அவ்வூரில் கழிந்தது. பின்னாளில் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையாலேயே அழித்த அவர், மற்றப் பாடங்களில் தேறாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னையில் 1906, 1907 எஃப்.ஏ. தேர்வுகளிலும் தோற்றார். அதே மனிதர் 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அறிவை ஒரே கோலால் அளப்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேதையை வைத்து வாதாடலாமா, அளக்காமல் விட்டால் உதவி தேவைப்படும் பிள்ளை தெரியாமலே போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாரிஸில் 1905-இல் உளவியலாளர் பினே அறிவுச் சோதனை வகுத்ததே அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து கற்பிக்கத்தான். ஆனால் இங்கே 1912-ஆம் ஆண்டுப் பித்தர் சட்டம் அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளியையும் ஒரே சொல்லில் அடைத்தது. இது பெரிய அநீதி. 1987 மனநலச் சட்டம்தான் இரண்டையும் பிரித்தது. அறிவுசார் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் வரையறுத்த, மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம், கணிசமான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. வாலாஜாபாத்தில் அப்படியொரு பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.