மைட்ரல்

நெஞ்சு படபடக்கிறது என்று போனவர் கையில் எக்கோ ரிப்போர்ட். அதில் 'மைட்ரல் வால்வ் புரோலாப்ஸ்' என்று பார்த்ததும் பாதி உயிர் போய்விடும். மைட்ரல் வேறொன்றுமில்லை, தொப்பிதான். கத்தோலிக்க ஆயர்கள் பூசையில் அணிகிறார்களே, முன்னும் பின்னும் கூம்பிய இரண்டு மடல்களோடு, அந்த 'மைட்டர்'. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இரண்டு இதழ் வால்வு, 16-ஆம் நூற்றாண்டு உடற்கூற்று மேதை வெசேலியஸின் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. மைட்டரின் வேர் கிரேக்க 'மித்ரா': தலையில் கட்டும் பட்டை. தமிழில் தொப்பியைக் கழற்றிவிட்டு 'ஈரிதழ் வால்வு' என்றோம். எனக்கு இதுவே தெளிவு.

'புரோலாப்ஸ்' லத்தீன் வழி வந்தது. முன்னே சரிதல் என்று பொருள். கீழறை சுருங்கும்போது இதழ் மேலறைப் பக்கம் துருத்தும். ஸ்டெதஸ்கோப்பில் 'க்ளிக்' என்று கேட்கும். அந்த ஓசை இந்த வால்வினுடையது என்று 1960-களில் நிறுவியவர் ஜோகன்னஸ்பர்க் மருத்துவர் ஜான் பார்லோ.

நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு, பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. படபடப்போடு மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.