குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்



ஜூபிலி மலர்க் குழுவினர் நம் பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டபோது, பங்கு இல்லத்து அலமாரியிலிருந்த பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். வந்த குருக்களின் பெயர், வந்த தேதி, மாறிப்போன தேதி, கட்டிய கட்டடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்தப் பட்டியல் இம்மலரில் வேறு பக்கத்தில் வருகிறது. ஆனால் ஒருவர் மாறிப்போய் அடுத்தவர் வரும்வரை கோவிலைத் திறந்து மணியடித்தவர் யார், சாகக் கிடந்தவரின் காதில் செபம் சொன்னவர் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. ஏடு எழுதுகிறவர்கள் குருக்கள். ஆகவே குருக்களைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறோம். இந்தக் குறை மனத்தை உறுத்தவே, குருவானவரே இல்லாமல் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் விசுவாசத்தைக் காத்த மக்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர்கள் தூர தேசத்தார் அல்லர். கடலுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த தமிழ் மக்கள்.

மன்னார்த் தீவில் கிறிஸ்தவ மறை பரவியது புனித சவேரியார் காலத்தில். 1544-ல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணைப்படி அங்கே அறுநூறு பேர் வரையில் கொல்லப்பட்டார்கள். பின்னர் 1619-ல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண நாட்டையே பிடித்து ஆண்டார்கள். அவர்கள் ஆட்சியில் ஊருக்கு ஊர் கோவில்கள் எழுந்தன. ஞானஸ்நானம் பெற்றோர் பெருகினர். உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களில் ஆள்வோரின் தயவை நாடி வந்தவர்களும் உண்டு, அச்சத்தால் வந்தவர்களும் உண்டு. இந்துக் கோவில்களை இடித்த கை போர்த்துக்கீசியரின் கை என்பதையும் நாம் மறைக்கலாகாது.

எனவேதான் 1658-ல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றியபோது, காரியம் எளிதில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அரசனுக்காக வந்த மறை அரசன் மாறினால் தானே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை மூடர்களின் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. நானும் அன்று அங்கிருந்தால் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

ஒல்லாந்தர் கல்வீன் வழிவந்த சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே 1658-ல் கட்டளை பிறந்தது. கோவில்களைத் தங்கள் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். வாளைவிட வலியதாயிருந்தது அவர்களுடைய தோம்பு என்னும் பதிவேடுதான். ஒல்லாந்தர் சபையில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிவு செய்யாதவனுக்குப் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் முறையான பிள்ளை ஆகாது; தகப்பனின் காணிக்கு அதற்கு உரிமை கிடையாது; உத்தியோகத்துக்கும் வழியில்லை. தன் உயிரைத் துச்சமாக எண்ணும் மனிதன்கூடத் தன் பிள்ளையின் நிலத்தைப் பறிகொடுக்கத் தயங்குவான் அல்லவா?

ஆகவே மிகப் பலர் தங்கள் பெயரைத் தோம்பில் எழுதிக்கொண்டார்கள் என்பது உண்மை. பகலில் ஒல்லாந்தர் கோவிலுக்குப் போய்ப் பிரசங்கம் கேட்டவர்கள், இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த காலத்தில் நானும் இரத்தம் சிந்தினவர்களையே பெரிதாக மதித்தேன். இன்று ஐம்பதைக் கடந்து, ஒவ்வொரு குடும்பத்தின் பாரத்தையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்ட பிறகு, அவர்கள்மேல் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை.

குருவானவர் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். பூசை இல்லை; நற்கருணை இல்லை; பாவ மன்னிப்பின் வாக்கு இல்லை; அவஸ்தைப்பூசுதல் இல்லை. மிஞ்சுவது தண்ணீரும் வார்த்தையுமே. ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நாம் ஞானோபதேசத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோமே, அந்தப் பாடம் அங்கே ஊரின் உயிராயிற்று. குருவை அடைய வழியே இல்லாத இடத்தில் இரு சாட்சிகள் முன் மணமக்கள் கொடுக்கும் சம்மதமே திருமணமாகும் என்பது இன்றும் திருச்சபைச் சட்டத்தில் உண்டு. சாகிறவனுக்கு உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக் கொடுக்க மூப்பர் இருந்தார். எந்த நாள் எந்தத் திருநாள் என்று நினைவில் வைத்துச் சொல்ல ஒரு கிழவி போதும். பெரிய காரியங்கள் எல்லாம் பறிபோனபின், அடுப்படியில் தாய் சொல்லிக் கொடுத்த பரலோக மந்திரம் நின்றது.

மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தங்கள் கோவிலிலிருந்த மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு 1670-ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத வன்னிக் காட்டுக்குள் போய்க் குடியேறினார்கள் என்பது மரபு. அந்தக் காட்டிடம்தான் இன்றைய மடு. சட்டிபானையோடு சுரூபத்தையும் சுமந்து நடந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

இக்கரையில் தூத்துக்குடியும் அதே 1658-ல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அங்கும் கோவில் பறிக்கப்பட்டது. ஆனால் முத்துக்குளித்துறை மக்கள் அசையவில்லை. ஒல்லாந்தரின் போதகர் பால்தேயு அவர்களிடம் முயன்று பார்த்துத் தோற்றார்.

இந்தத் தூத்துக்குடியிலிருந்துதான் 1687-ல் கந்தைத் துணி உடுத்திய ஒரு கூலியாள் தோணியேறினான். அவர் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள். 1651-ல் பெனோலிம் ஊரில் கொங்கணப் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கையில் ஆயனில்லாத ஆடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, தமிழ் கற்று, யோவான் என்னும் பணியாளோடு புறப்பட்டார். வெள்ளைக்காரக் குரு என்றால் கரையிலேயே பிடித்திருப்பார்கள். கறுத்த மேனியும் வெறுங்காலும் அவரைக் காத்தன.

யாழ்ப்பாணம் சேர்ந்தவுடன் அவருக்கு வயிற்றுக் கடுப்பு கண்டது. கவனிப்பாரின்றிக் கிடந்த அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காத்தவள் ஒரு பெண் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுகிறார்கள். கஞ்சி வார்த்தவளுக்குத் தன் திண்ணையில் கிடப்பவர் குருவானவர் என்று தெரியாது.

குணமான பிறகு அவருக்கு ஒரு சங்கடம். கத்தோலிக்கர் யார், காட்டிக்கொடுப்பவர் யார் என்று எப்படி அறிவது? எல்லார் பெயரும் தோம்பில் ஒன்றுபோல இருக்கிறது. அவர் செய்தது இது: பெரிய செபமாலையொன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். தலையைத் திருப்பிக்கொண்டவர் உண்டு. ஏசி அனுப்பியவர் உண்டு. ஒரு வீட்டில் மட்டும் அந்தச் செபமாலையைப் பார்த்த பார்வையில் வேறொன்று இருந்தது. அங்கே திரும்பத் திரும்பப் போனார். பேச்சுக் கொடுத்துப் பார்த்து, குருவானவர் ஒருவர் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று மெதுவாகக் கேட்டார். பிறகே தாம் யார் என்று சொன்னார். அன்று முதல் அவர்கள் வீடுகளில் இரவில் பூசை நடந்தது.

இதைப் பிரசங்கத்தில் சொல்லும்போது குருவானவரின் துணிவையே நாம் புகழ்வது வழக்கம். புகழத் தக்கதே. ஆனால் கதவுக்கு அந்தப் புறம் நின்றவர்களைப் பாருங்கள். பிடிபட்டால் அவருக்கு என்ன தண்டனையோ, அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு மரணம். 29 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு செபமாலையைக் கண்டு முகம் மாறும் மனிதர்கள் அந்த வீட்டில் இருந்ததால்தான் வாஸ் அடிகளுக்கு வேலை இருந்தது.

பின்னர் அவர் சில்லாலை ஊரில் தங்கி, சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு இரவில் நடந்து போனார். ஒல்லாந்தர் சபைக்குப் போய்வந்தவர்களை விரட்டாமல் பாவசங்கீர்த்தனம் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். செய்தி கசிந்தது. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் பூசைக்குக் கூடியிருந்த மக்களைப் படைவீரர் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். குருவானவர் தப்பினார், மக்கள் தப்பவில்லை. ஒல்லாந்தர் சபையை விட்டுக் கத்தோலிக்க மறைக்கு வந்திருந்த தோன் பேதுரு என்பவர் அடித்துக் கொல்லப்பட்டார். மற்றவர்களில் சிலர் கடின வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களை நாம் நாட்காட்டியில் காண்பதில்லை.

அடிகளின் பிற்கால வரலாறு நீங்கள் அறிந்ததே. புத்தளம் வழியாக 1692-ல் கண்டிக்குப் போய், ஒற்றன் என்று சிறைப்பட்டு, விடுதலையாகி, 1697-ல் பரவிய அம்மை நோயில் கைவிடப்பட்டவர்களைத் தம் கையால் குளிப்பாட்டி அடக்கம் செய்து, 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே உயிர் நீத்தார்.

ஒல்லாந்தரின் ஆட்சி அதற்குப் பின்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1796-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். கத்தோலிக்கர்மேல் இருந்த தடைகளை ஆளுநர் மெய்ட்லண்டு நீக்கியது 1806-ல்தான். கட்டளை பிறந்த ஆண்டிலிருந்து எண்ணினால் 148 ஆண்டுகள்; பேரன் காலம் போய்க் கொள்ளுப்பேரனுக்கும் பிள்ளைகள் பிறந்திருக்கும். ஆட்சி மாறியவுடன் ஒல்லாந்தர் சபையில் பெயரளவில் இருந்தவர்கள் கலைந்து போனார்கள். அரசனோடு வந்தது அரசனோடு போகும் என்ற அந்தக் கணக்கு கடைசியில் அவர்கள் சபைக்கே பலித்தது.

2015 ஜனவரி 14-ல் கொழும்புக் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் மடுவுக்குப் போனார். உள்நாட்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழரும் சிங்களவரும் அங்கே காத்திருந்தார்கள். மாந்தையிலிருந்து காட்டுக்குள் சுமந்து வரப்பட்டது என்று மரபு சொல்லும் அந்தச் சுரூபத்தைக் கையிலேந்தி அவர் மக்களை ஆசீர்வதித்தார்.