விலாசமும் நாணயமும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சிறிய அச்சகமொன்றை நடத்திவந்த என் நண்பரின் தாயார் சில ஆண்டுகளுக்கு முன்னர் காலமானார். நண்பர் அச்சகத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வெளிநாட்டு உறவினர்களுக்கு மரண அறிவித்தலை அனுப்பிவைத்தார். அந்தத் தாயார் தூக்கி வளர்த்த தங்கை மகன் ரொரன்ரோவில் இருந்தார். அவரது தொலைபேசி இலக்கம் மாறிப்போயிருந்தமையால் மடலையே நம்பவேண்டியதாயிற்று. அவர் அதனைக் கண்டது பதினோராம் நாள். அதுவும் குப்பை மடல்கள் குவியும் பெட்டிக்குள்.

"அண்ணே, அம்மா செத்த செய்தியுமா குப்பை?" என்று நண்பர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தேடியறிந்த பதில், அவரது அச்சகத்துக்கு அடுத்துள்ள செட்டியார் தெருவின் வரலாற்றிலேயே இருந்தது.

இன்று நகைக்கடைகள் நிறைந்துள்ள அத்தெருவில் ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் முதலெழுத்துகளால் அமைந்த பெயருண்டு. அதனை அவர்கள் 'விலாசம்' என்றார்கள். செட்டிநாட்டிலிருக்கும் முதலாளி முகவரிடம் அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்புவார். இன்னார் இந்த விலாசத்தின் பெயரில் கையெழுத்திடலாம் என்பதற்கு அதுவே சான்று. ஓர் ஊரில் எழுதிய உண்டியலுக்கு மற்றோர் ஊரில் பணம் கிடைத்தது. ஆயினும் கையெழுத்து மெய்யானது என்பதற்காக மட்டும் எவரும் பணம் கொடுத்துவிடவில்லை. அந்த விலாசத்தின் நாணயம் எப்படி என்பதே அடுத்த கேள்வி.

மின்னஞ்சலுக்கு நெடுங்காலம் இவ்விரண்டும் இருக்கவில்லை. 1982 ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்டல் வகுத்தெழுதிய அஞ்சல் நெறிமுறையில், அனுப்புநர் தாம் யாரென்று சொல்கிறாரோ அதுவே ஏற்கப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலையமைப்புக்கு அது போதுமானதாக இருந்தது. உலகமே உள்ளே வந்தபோது, எவரும் எவர் பெயரிலும் எழுதலாம் என்றாயிற்று.

அதற்கு மாற்றாக வந்தவை மூன்று. எந்தக் கணினிகள் தன் பெயரில் மடல் அனுப்பலாம் என்று ஒரு வலைப்பெயர் பகிரங்கமாகப் பட்டியலிடுவது எஸ்பிஎஃப். 2006 இல் அது நெறிமுறை ஆவணமாகியது. முகவரின் அதிகாரப் பத்திரம் போன்றது இது. மடலில் இடப்படும் மறைகுறிக் கையொப்பம் டிகேஐஎம். 2007 இல் வந்தது. இச்சோதனைகளில் தேறாத மடலை ஏற்பதா, ஒதுக்குவதா, திருப்புவதா என்று பெயருக்குரியவரே அறிவித்துவைப்பது டிமார்க்; 2012 இல் வெளியாயிற்று.

நண்பர் ஆளை அழைத்து மூன்றையும் செய்வித்தார். அப்படியிருந்தும் பல வாரங்களுக்கு அவரது மடல்கள் குப்பைப் பெட்டிக்கே போயின.

காரணங்கள் இரண்டு. தீபாவளி, புத்தாண்டு தோறும் விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அவர் வாழ்த்து அனுப்பிவந்தார். பெற்றவர்களிற் பலர் அதனைக் குப்பை என்று முறையிட்டனர். பட்டியலில் இறந்துபோன முகவரிகளும் ஏராளம். இரண்டாவதாக, அவரது மடல்கள் புறப்பட்ட கணினியிலிருந்தே வேறொருவரின் விளம்பரங்களும் ஆயிரக்கணக்கில் சென்றுகொண்டிருந்தன. கையொப்பம் 'இவர் இன்னார்' என்று மெய்ப்பித்தது. பெறும் பக்கமோ அந்த இன்னாரின் பழைய கணக்கையும் அவரது அயலவரின் கணக்கையும் புரட்டிப் பார்த்தது.

அயலவரால் பெயர் கெடுவது செட்டியார் தெரு அறியாததல்ல. 1925 ஆம் ஆண்டில் கொழும்பில் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தது. அதுவரை அவர்களுக்குப் பணம் கொடுத்துவந்த பிரித்தானிய வங்கிகள் மிரண்டு, செட்டியார்களுக்கான கடனையே பெரிதும் சுருக்கிக்கொண்டன. ஒழுங்காகக் கணக்குத் தீர்த்துவந்த கடைகளும் தப்பவில்லை. அவர்களிடம் கடன் பெற்றுவந்த உள்ளூர் வணிகர்கள் தவித்தனர். 1934 இல் அமைக்கப்பட்ட பொச்சுக்கானாவாலா வங்கி ஆணைக்குழு இந்நெருக்கடியையும் ஆராய்ந்தது. 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது.

2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் தன் பயனாளர்களுக்கு அனுப்புவோர் மூன்று சான்றுகளையும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. குப்பை முறைப்பாடுகள் 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்றும் கூறுகிறது. முதல் நிபந்தனை விலாசத்துக்கு, இரண்டாவது நாணயத்துக்கு. முதலாவதை ஒரே நாளில் பெற்றுவிடலாம், குப்பை அனுப்புவோரும் பெறுகிறார்கள். இரண்டாவது நடத்தையால் மட்டுமே சேர்வது.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்களும் ஆலய சபைகளும் நடத்தும் வாசகர்கள் இதனைக் கவனிப்பது நல்லது. கேளாதவருக்கு அனுப்பும் ஒவ்வொரு வாழ்த்தும், பின்னொரு நாள் கட்டாயம் சேரவேண்டிய செய்தியின் வழியை அடைக்கக்கூடும்.

நண்பர் வாங்கிய பட்டியலை அழித்தார். வேறு கணினிக்கு மாறினார். கேட்டவர்களுக்கு மட்டும், சிறிது சிறிதாக அனுப்பத் தொடங்கினார். தாயாரின் ஆண்டுத் திவச அழைப்பு ரொரன்ரோவுக்கு உரிய பெட்டியிலேயே சேர்ந்தது. பதில் அன்றிரவே வந்ததாகச் சொன்னார்.