இறையிலி நிலமும் பள்ளிவாசல் கணக்கும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியின் இருமருங்கும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் கம்பும் சோளமும் பருத்தியும். இம்மண்ணை அறிந்தவர்க்கு உஷ்ர் சட்டத்தின் நியாயம் எளிதில் விளங்கும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு என நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்தார்கள். கமலை பூட்டியவனின் பாடு கணக்கில் கொள்ளப்பட்டது. (பருத்திக்கு உஷ்ர் உண்டா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் வேறுபடுகின்றனர். அது தனியே எழுத வேண்டிய செய்தி.)

உஷ்ர் இறைக் கடமை. அரசுக்குச் செலுத்தும் நிலவரி வேறு. பழந்தமிழில் 'இறை' என்பதற்கு வரி என்றும் பொருள் உண்டு. வரி நீக்கப்பட்ட அறநிலம் 'இறையிலி' எனப்பட்டது. இந்தச் சலுகை கோயில்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்கு இறையிலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. 'சோனகர்' என்பது அந்நாளில் முஸ்லிம்களைக் குறித்த பெயர். பிற்காலத்தில் சேதுபதி மன்னர்களும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலம் வழங்கினர்.

ஆங்கிலேயர் வந்தபின் அரசு ஆதாரம் கேட்டது. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு அனுபவம் இருந்தாலே உரிமைக்குச் சான்றாக ஏற்கப்பட்டது. இது தாராளமான விதிதான். தனிமனிதர் இனாம்களை ஒரு சிறு தீர்வை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. சமய, அற இனாம்களோ, எந்தப் பணிக்காகத் தரப்பட்டனவோ அப்பணி நடக்கும் வரை மட்டுமே உறுதி செய்யப்பட்டன. வக்ஃப் செய்தவர் விதித்த நோக்கத்தை முதவல்லி மாற்றக்கூடாது என்று நம் ஃபிக்ஹு நூல்களில் ஓதுகிறோமே, அதே நிபந்தனையை அரசும் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது.

1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். 1886ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் வருமானத்தையும், சமய, பொது அறப்பணிகளுக்கே செலவிடப்படும் சொத்து வருமானத்தையும் வரியிலிருந்து விலக்கியது. 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின் நிலத்தில் இறையிலி என்பது பெரும்பாலும் மறைந்தது. வருமானத்தில் அது எஞ்சி நிற்கிறது.

இன்று பள்ளிவாசலுக்குக் கடை வாடகை வருகிறது. மத்ரஸாவுக்கு நன்கொடை வருகிறது. "அல்லாஹ்வின் சொத்துக்கு வரி ஏது?" என்று நிர்வாகிகள் சிலர் கேட்கின்றனர். அக்கேள்வி பாதி மட்டுமே சரி. வருமான வரித் துறையில் பதிவு செய்து, அதைக் காலாகாலத்தில் புதுப்பித்து, வருமானத்தில் 85 விழுக்காட்டையேனும் நோக்கத்திற்குச் செலவிட்டு, கணக்குத் தாக்கல் செய்தால்தான் விலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இந்த அடிப்படை, 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்திற்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. இமாமுக்கும் உஸ்தாதுக்கும் வழங்கும் சம்பளம் பள்ளிவாசலுக்குச் செலவு. பெறுபவருக்கு அது வருமானமே. வரம்பைத் தாண்டினால் அவர் வரி கட்ட வேண்டும், கொடுக்கும் ஜமாஅத் பிடித்தம் செய்ய வேண்டும்.

ஒரே சமூகத்தின் நலனுக்கென 1962 ஏப்ரலுக்குப் பின் தொடங்கிய அறக்கட்டளைக்கு விலக்கு மறுக்கப்படலாம். எனினும் அறமும் சமயமும் கலந்த நோக்கமுடைய அமைப்புக்கு அத்தடை பொருந்தாது என்று தாவூதி போரா ஜமாஅத் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பைலா எழுதும்போது இந்தச் சொல் வேறுபாட்டை அலட்சியம் செய்வோர் மிகப் பலர்.

நன்கொடை உண்டியலில் ஒரு நுட்பம் உண்டு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தை மார்க்கம் போற்றுகிறது. சட்டமோ பெயரறியா நன்கொடை வரம்பைக் கடந்தால் 30 விழுக்காடு வரி விதிக்கிறது. முழுதும் சமயப் பணிக்கான அமைப்புக்கு இவ்வரி இல்லை. ஆகவே பள்ளிவாசல் உண்டியலில் பெயரின்றி இடலாம். அதே ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கென்று குறித்துக் கொடுப்பவரிடம் பெயரும் முகவரியும் எழுதி வாங்கி, ரசீது கொடுத்துவிட வேண்டும்.