வீட்டு இசைப் பதிவு: மைக், ப்ரீஆம்ப் தேர்வு

ஒலிவாங்கி எனப்படும் மைக், காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றும் கருவி. அப்படிப் பிறக்கும் மின்னலை மிகச் சிறியது. பல வேளைகளில் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. அதைத் தேவைப்பட்டால் ஆயிரம் மடங்கு வரை பெருக்கித் தரும் மின்சுற்றுதான் ப்ரீஆம்ப். வீட்டில் பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் இன்று ப்ரீஆம்பைத் தனியாக வாங்குவதில்லை, யூ.எஸ்.பி. வழியே கணினியில் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. எதை வாங்குவது என்பதை விலைப்பட்டியலை வைத்து முடிவு செய்வதைவிட, பதியப்போகும் ஒலி எவ்வளவு உரத்தது, அது எந்த அறையில் எழப்போகிறது என்ற இரண்டையும் வைத்து முடிவு செய்வதே சரி.

மைக் வகைகள்

டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்துக்குள் அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1965இல் வெளியிட்ட எஸ்எம்57, மறு ஆண்டு வந்த எஸ்எம்58 ஆகியவை இவ்வகை. கீழே விழுந்தாலும் தாங்கும், தனி மின்சாரம் கேட்காது, எவ்வளவு உரத்த ஒலியானாலும் திணறாது. நாதஸ்வரம், தவில், கிட்டார் ஆம்ப் போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

கண்டென்சர் மைக்கை 1916இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ.சி. வென்டே உருவாக்கினார். உலோகப் பூச்சு கொண்ட சவ்வும் அதன் பின்னுள்ள தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. சவ்வு சுருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் மெல்லிய மீட்டலும் கூரிய மேல்சுரமும் இதில் துல்லியமாகப் பதிகின்றன. உள்ளிருக்கும் மின்சுற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவை. ஒலி வரும் அதே கேபிளில் 48 வோல்ட் அனுப்பும் ஃபாண்டம் பவர் முறையை 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் வகுத்தது. ஏறக்குறைய 25 மி.மீ. அகலச் சவ்வு கொண்டவை குரலுக்கும், அதில் பாதி அளவுள்ள பென்சில் வடிவ மைக்குகள் வாத்தியங்களுக்கும் வழக்கமாகப் பயன்படுகின்றன. பெரிய சவ்வு மைக்குகள் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து கேட்பவை. நுனியை நோக்கியோ பின்பக்கத்தை நோக்கியோ பாடிவிட்டு, குரல் மங்கலாக இருக்கிறதே என்று மைக்கைக் குறை சொல்வது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. நிறுவன முத்திரை உள்ள பக்கம்தான் பொதுவாக முன்பக்கம்.

மெல்லிய அலுமினியத் தகடு காந்தங்களுக்கிடையே அசையும் ரிப்பன் மைக் மூன்றாவது வகை. முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், மென்மையாக ஒலிக்கும், எளிதில் பழுதாகும். முதல் மைக்காக வாங்க வேண்டியதில்லை.

அறையும் தூரமும்

கண்டென்சர் மைக் அறையின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமிக் இழுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. ஒரே திசைப்பாங்குள்ள இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் வைத்து, குரலின் அளவைச் சமப்படுத்திக் கேட்டால், குரலுக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டைனமிக் மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை இரண்டடி தள்ளி வைக்கிறோம். வேறுபாட்டின் பெரும்பகுதி அந்தத் தூரத்தில் இருக்கிறது. தூரம் பாதியானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். சுவரிலிருந்து திரும்பி வருவது அநேகமாக அப்படியே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தும் கிடைக்காத தெளிவு, ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்தினால் கிடைத்துவிடுகிறது. ஆனால் முன்பக்கத்து ஒலியையே முதன்மையாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்கை மிக நெருங்கினால் கீழ்ச்சுரங்கள் ஊதிப் பெருகும், ‘ப’ போன்ற வெடிப்பொலிகள் மைக்கில் காற்றாக மோதும். பாப் ஃபில்டர் வைத்து ஒரு சாண் தள்ளிப் பாடுவது நல்ல தொடக்கம்.

கார்டியாய்டு மைக் பின்பக்கத்து ஒலியைத்தான் மிகக் குறைவாகக் கேட்கும். எனவே அதன் முதுகு கணினி விசிறியையோ தெருப்பக்கத்து ஜன்னலையோ பார்க்கட்டும். பாடுபவரின் பின்னால் வெறும் சுவர் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் ஒலி நேராக மைக்கின் முகத்தில் விழும். அங்கே தடித்த போர்வையோ மெத்தையோ துணி நிறைந்த அலமாரியோ இருப்பது பேருதவி.

இரைச்சல் கணக்கு

ப்ரீஆம்பின் தரம் எப்போது முக்கியமாகிறது, எப்போது ஆவதில்லை என்பதை இரண்டு மைக்குகளின் கணக்கே காட்டிவிடும். 94 டெசிபல் ஒலிக்கு ரோடு என்டி1-ஏ கண்டென்சர் சுமார் 25 மில்லிவோல்ட் தருகிறது. ஷூர் எஸ்எம்7பி டைனமிக் தருவது ஏறக்குறைய 1.1 மில்லிவோல்ட். இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் இரைச்சல், உள்ளீட்டில் வைத்துக் கணக்கிட்டால், மைனஸ் 128 டிபியு (மின்னழுத்தத்தை அளக்கும் டெசிபல் அலகு) அளவில் இருக்கும். எஸ்எம்7பியோடு சேரும்போது இது அறையில் எழும் சுமார் 23 டெசிபல் ஒலிக்குச் சமம். என்டி1-ஏவோடு சேர்ந்தால் சுழியத்துக்கும் கீழே போய்விடும். அந்த மைக்கின் சொந்த இரைச்சலான 5 டெசிபலே அதை மூடிவிடும்.

மின்விசிறியை நிறுத்திய பிறகும் அமைதியான இரவு நேர அறை 30 டெசிபல் அளவில் இருக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது நம் வீடுகளில் முதலில் கேட்பது அறையின் இரைச்சல், அதற்குப் பிறகுதான் கருவியுடையது. கண்டென்சர் வைத்திருப்பவர் இரைச்சலைக் குறைக்கவென்று விலையுயர்ந்த ப்ரீஆம்ப் வாங்குவது வீண்செலவு. டைனமிக், ரிப்பன் மைக்குகளில் மெல்லிய ஒலியைப் பதிபவருக்கு நிலைமை வேறு. அவருக்கு 60 டெசிபல் அளவு கெயின் (பெருக்கம்) தேவைப்படும். பழைய மலிவு இன்டர்ஃபேஸ்கள் 50-ஐ ஒட்டியே நின்றுவிடும், குமிழை முழுக்கத் திருகினால் ‘உஸ்’ என்ற சத்தம் ஏறும். ஃபாண்டம் பவரில் இயங்கி 25 டெசிபல் வரை கூட்டும் சிறு பூஸ்டரை இடையில் இணைப்பது புதிய ப்ரீஆம்பைவிட மலிவான தீர்வு.

பதிவு 24 பிட்டில் நடக்கும்போது அளவைச் சிவப்புக் கோடு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மிக உரத்துப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும்.

வாத்தியங்கள்

வீணை மெல்லிய ஒலியுடையது, ஆனால் கமகத்தின் ஒவ்வொரு இழையும் கேட்டாக வேண்டும். சொந்த இரைச்சல் குறைந்த கண்டென்சர் இதற்கு ஏற்றது. குடத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், மெட்டுகளின் பக்கம் சற்றே சாய்த்து வைத்துத் தொடங்கலாம். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே மைக் வைத்தால் மூச்சுக்காற்றுத்தான் பதியும். விரல்துளைகளின் பக்கம் சற்று உயரத்தில் இருப்பது நல்லது. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் இரண்டு மைக் வைக்கும் பழக்கம் மேடைக்கு ஏற்றது. வீட்டில் இரண்டின் அலைகளும் ஒன்றோடொன்று முட்டித் தொப்பியின் ஆழம் கரையக்கூடும். வாத்தியத்துக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரே கண்டென்சர் வைத்து, இரு பக்கமும் சமமாகக் கேட்கும்வரை நகர்த்திப் பார்ப்பது முதலில் செய்ய வேண்டியது.

தனி ப்ரீஆம்ப்

ரூப்பர்ட் நீவ் நிறுவனத்தின் 1970ஆம் ஆண்டுக் கருவியான 1073 போன்றவை புகழ்பெற்றது குறைந்த இரைச்சலுக்காக அல்ல. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒலிக்கு ஏற்றும் தடிமனுக்காக. அந்தத் தடிமன் விரும்பத்தக்கதுதான், ஆனால் எதிரொலிக்கும் அறையில் பதிந்த குரலை அது காப்பாற்றாது. வால்வு ஒளிரும் மலிவான ப்ரீஆம்ப்களில் பல, அந்த வால்வுக்கு உரிய உயர் மின்னழுத்தத்தைக் கொடுக்காமலே இயக்குகின்றன; அதில் கிடைப்பது பெரும்பாலும் கலங்கல்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது உள்ளீடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. நான்கு உள்ளீடு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், மைக்கின் எக்ஸ்எல்ஆர் கேபிள் செருகும் ப்ரீஆம்ப் இரண்டே இருக்கலாம். மற்ற இரண்டும் கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் உள்ளீடுகள். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் பதிய விரும்பும் குடும்பத்துக்கு அந்தப் பெட்டி போதாது.