அந்நியபாஷை யாருக்கு அந்நியம்?

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘வெள்ளைக்காரன் பணத்தில் நடக்கிற கூத்து’ என்பார்கள் ஒரு சாரார். ‘ஜனங்களின் அறியாமை’ என்பார்கள் இன்னொரு சாரார். அந்நியபாஷையில் ஜெபிப்பது என்றால் கேட்கவே வேண்டாம், சிரிப்புதான். பகுத்தறிவு மேடையில் அதை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். சேரி ஜனங்களில் ஒரு பகுதி தினந்தோறும் செய்கிற ஒன்றைச் சிரித்து ஒதுக்குவது அரசியல் ஆகாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கூட்டத்தில் கைதட்டிச் சத்தமாக ஜெபிப்பதை விடுங்கள். விடியற்காலையில் தனியாக, அடுப்படியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் ஜெபிக்கிறார்களே, அந்தத் தனிமை எங்கிருந்து வந்தது? இதுதான் என் கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிரேக்க மூலத்தில் இருப்பது ‘குளோசா’. அதற்கு நாக்கு என்றும் பொருள், மொழி என்றும் பொருள். பழைய தமிழ் வேதாகமம் இதை ‘அந்நியபாஷை’ ஆக்கியது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘பரவசப் பேச்சு’ என்கிறது. அந்நியம் என்றால் பிறத்தியாருடையது. பரவசம் என்றால் பிறர் வசமாவது. ஆக இரண்டு சொல்லிலும், பேசுகிறவளுக்கு அந்தப் பேச்சில் பாத்தியதை இல்லை. மூலத்தில் இருந்த நாக்கு காணாமல் போய்விட்டது.

நாக்குக்கும் நமக்கும் உள்ள கணக்கோ பழையது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்குக் காதில் ஈயத்தை உருக்கி ஊற்று, வாயால் சொன்னால் நாக்கை அறு என்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால், அவனுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டை எதிரே துண்டைக் கக்கத்தில் இடுக்கி வாய்பொத்தி நின்ற தலைமுறையில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

தனி ஜெபத்துக்கு விசுவாசிகள் காட்டும் ஆதாரம், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரம். அந்நியபாஷையில் பேசுகிறவர் மனுஷரோடு அல்ல, தேவனோடு பேசுகிறார் என்கிறார் பவுல். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் வாயை மூடிக்கொண்டு, தனக்கும் தேவனுக்கும் மட்டும் பேசிக்கொள்ளட்டும் என்றும் சொல்கிறார். அனுமதியும் கட்டுப்பாடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சபை நடுவில் கிடைக்காத இடம் தனிமையில் கிடைக்கிறது.

இது அமெரிக்காவில் தொடங்கி இங்கே இறக்குமதி ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. திருநெல்வேலிச் சீமையில் 1810-இல் பிறந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். ரேனியஸிடம் படித்தவர். ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பால், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய முடிவெடுத்தவர். 1840-இல் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். 1860-இல் அங்கே எழுப்புதல் வந்தது. சிலர் அந்நியபாஷையில் தேவனைத் துதித்தார்கள், அதற்கு அர்த்தமும் சொன்னார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பெண்களும் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அருளப்பன் 1867-இல் இறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் நடந்ததற்கு 46 வருஷம் முன்னால் இங்கே நடந்த கதை இது.

அசூசா தெருவின் கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே. அதை நடத்திய வில்லியம் சீமோர் கறுப்பர், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற தாய்தகப்பனுக்குப் பிறந்தவர். ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்காரர் நடத்திய வேதாகமப் பள்ளியில் படிக்கப் போனார். நிறவெறிச் சட்டத்தைக் காட்டி அவரை வகுப்புக்குள் உட்காரவிடவில்லை. வெளியே நடையில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். அந்த மனுஷர்தான் 1906-இல் அசூசா தெருவில், குதிரை லாயமாகிப் போன ஒரு பழைய கோயில் கட்டடத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் மெக்சிகரையும் ஒன்றாக முழங்காலிட வைத்தார். பார்ஹாம் அங்கே வந்து பார்த்துவிட்டு அருவருத்தார். 1914-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் உருவானபோது அது பெரும்பாலும் வெள்ளையரின் அமைப்பாக இருந்தது. வரம் கறுப்பர் வீட்டில் இறங்கியது, நிர்வாகம் வெள்ளையர் கைக்குப் போனது. நமக்குப் பழக்கமான கதைதான்.

‘தனி ஜெபம்’ என்ற கருத்து வலுப்பெற்றதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்நியபாஷை என்பது நிஜமான வேற்று நாட்டு மொழி, அதை வைத்து மொழி படிக்காமலே மிஷனரி வேலை செய்யலாம் என்று போதித்தவர் பார்ஹாம். அதை நம்பி, தனக்கு வங்காளி வந்துவிட்டது என்று கல்கத்தாவுக்கு வந்தார் ஆல்ஃபிரட் கார். 1907-இல் அங்கே வாயைத் திறந்தபோது ஒரு வங்காளிக்கும் அது விளங்கவில்லை. கார் ஊருக்கு ஓடவில்லை, தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். இது பிரசங்கத்துக்கான மொழி அல்ல, தேவனைத் துதிக்கிற மொழி என்றார். அதே காலத்தில் புனே அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில், பால்ய விதவைகளும் பஞ்சத்தில் அநாதையான பெண்களும் அந்நியபாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரையும் மதம் மாற்ற அதைப் பேசவில்லை. தங்கள் பாரத்தை இறக்கி வைக்கப் பேசினார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். திருக்கோவிலூர் முன்பு தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். வைணவர்களுக்கு இது பெரிய தலம். மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஒரு குறுகிய இடைகழியில் ஒதுங்கினார்களாம். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அங்கே நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள், அவர் பெருமாள் என்கிறது மரபு. பக்திப் பரவசத்தில் பேய் பிடித்தவர் போல் அழுததால் ஒருவருக்குப் பேயாழ்வார் என்றே பேர். அவர் பரவசம் பிரபந்தமாகித் தமிழ் இலக்கிய வகுப்பில் பாடமாகிவிட்டது. நானும் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். சேரிப் பெண்ணின் பரவசத்துக்கு மட்டும் பைத்தியம் என்று பேர். உலகத்தையே அளந்த பெருமாள் நிற்கிற ஊரில், சேரி ஜனம் கோயிலுக்குள் போகலாம் என்று மாகாணச் சட்டம் சொன்னது 1947-இல்தான்.

கிறிஸ்தவத்திலாவது இடம் இருந்ததா? டேனிஷ் லுத்தரன் மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, எழுத்து வந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஆராதனையில் எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது அச்சிட்ட புஸ்தகத்தில் இருந்தது. கத்தோலிக்கத்தின் நிலைக்கு எறையூர் சாட்சி. எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிட்டவர்களுக்குக் கல்லறையும் தனித்தனி.

பெந்தெகொஸ்தே சபைகள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்த பாஸ்டர் பால் 1924-இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்றவை தமிழ்நாடெங்கும் பரவின. பிறகு கூரைக் கொட்டகைகளில் சின்னச் சின்ன சுயாதீன சபைகள் முளைத்தன. ஆவி இறங்குவதற்குப் பட்டம் தேவையில்லை, எழுத்துகூடத் தேவையில்லை. இதையும் சும்மா புகழ முடியாது. பல சபைகளில் வரம் பெண்ணுக்கு, பிரசங்க மேடை ஆணுக்கு. ‘உனக்கு நிறைவு வந்ததா, இல்லையா’ என்று அளந்து பார்க்கும் பாஸ்டரும் ஒரு அதிகாரிதான். கூலி கேட்கிற நாளில் அந்தச் சபை கூட வந்து நிற்பதில்லை.

எங்கள் ஆயா கரும்பு வெட்டப் போனவள். நாலு மணிக்கு எழுந்து, அடுப்புப் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்து முணுமுணுப்பாள். காலேஜில் மொழியியல் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன், “இன்னா ஆயா பேசின?” “எனக்கின்னா தெரியும்? கேக்குறவருக்குத் தெரியும்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆண்டைகிட்ட பேசறதுக்கு முன்னாடி நூறு தடவ ரோசன பண்ணணும். இங்க ரோசனயே பண்ண வேண்டாம்” என்றாள். வில்லியம் சமரின் என்ற மொழியியலாளர் 1972-இல் எழுதிய நூலில், இப்படிப் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியின் ஒலிகளையே எடுத்து அடுக்குகிறார்கள் என்று காட்டினார். ஆயாவின் ஜெபத்தில் ஒப்பாரியின் இழுப்பு எனக்குக் கேட்டது. இதில் எது அந்நியம்? யாரும் திருத்த முடியாத, யாரும் பிடுங்க முடியாத சேரி நாக்கு அது.

அவளுடைய சான்றிதழில் இருப்பது ‘இந்து ஆதிதிராவிடர்’. கள்ளத்தனம் என்று நினைத்தால் சட்டத்தைப் பாருங்கள். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளியின் வழக்கை 1985-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கிலும், ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் சர்ச்சுக்குப் போவதையும் காட்டி அதே நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். ஊர்க்காரன் மட்டும் அவரைப் பிற்படுத்தப்பட்டவராகப் பார்ப்பதில்லை. டீக்கடையில் டம்ளர் மாறுவதில்லை.

இப்போது அந்த அடுப்படித் தனிமையைப் பாருங்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று இயேசு சொன்னார். அது விருப்பத்தோடு சாத்துகிற கதவு. நம் ஜனங்களுக்குக் கதவைச் சாத்தியவர்கள் வேறு. கோயில் வெளியே நிறுத்தியது, சர்ச் ஓரமாக நிறுத்தியது, சட்டமோ ‘வெளியே தெரிந்தால் பிள்ளைகள் படிப்புப் போகும்’ என்று மிரட்டியது. ஜெபத்துக்கு மிச்சம் கிடைத்தது அடுப்படிதான், சாட்சியாக யாரும் சொல்ல முடியாத மொழிதான். இதைப் பக்தியின் ஆழம் என்று சபையும், மூடத்தனம் என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்நியபாஷை விடுதலை தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் பத்தியை நீக்குவது தெருவில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை. கிறிஸ்தவத்துக்குப் போன தீண்டப்படாதவர்கள் சமூக அநீதிக்கு எதிராக இயக்கம் கட்டவில்லை என்று அம்பேத்கர் குறைப்பட்டது இன்றைக்கும் பொருந்தும். ஆனால் அவர்களை இயக்கத்துக்குக் கூப்பிடுகிற நாம், முதலில் அவர்கள் நாக்கைக் கேலி செய்வதை நிறுத்த வேண்டும். நம் வீட்டுக் கிழவிகள் எப்போது, எங்கே, எதற்காக இப்படி ஜெபிக்கத் தொடங்கினார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மிஷன் அறிக்கையும் கோர்ட்டுத் தீர்ப்பும் எழுதிய வரலாறு போதும். ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.