புளித்த மாவின் ஜாதகம்

காய்ச்சல்காரனுக்கு ரொட்டி, சௌக்கியமாக இருப்பவனுக்கு இட்லி என்பது எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவின் எழுதப்படாத சட்டம். ஜுரம் வந்து மூன்று நாள் லங்கணம் கிடந்தவனுக்குக் கடையிலிருந்து ஒரு ரொட்டி வாங்கி வந்து பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். நெல் விளைகிற சீமையில் கோதுமை ரொட்டிக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. நான் பிள்ளையாக இருந்த காலத்தில் பேராவூரணிக் கடைத்தெருவில் ஒருவர் கையில் ரொட்டியோடு போனால், "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று எதிரே வருகிறவர் விசாரிக்காமல் விடமாட்டார்.

அந்த ரொட்டிக்கு இப்போது சுக்கிர தசை நடக்கிறது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் லீவுக்கு வருகிற பிள்ளைகள் "சவர்டோ" என்று ஒன்றைக் காகிதப் பையில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். புளித்த மாவு என்று அர்த்தமாம். விலை சாதாரண ரொட்டியைப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு. வீட்டுப் பெரியவர்கள் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "புளிச்ச மாவுக்கா இத்தனை விலை? நம்ம வீட்டுப் பானையிலே தினம் பொங்கி வழியறதே!" என்கிறார்கள். இந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்குகிற பண்டம் அசல்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சும்மா வைத்தால் இரண்டொரு நாளில் அது நுரைத்துப் புளிக்கிறது. மாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் நொதிகளும், பாலைத் தயிராக்குகிற ஜாதியைச் சேர்ந்த பாக்டீரியாக்களும் சேர்ந்து செய்கிற வேலை அது. நொதி காற்றை ஊதி மாவை உப்ப வைக்கிறது. பாக்டீரியா புளிப்பைத் தருகிறது. இந்த மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, நாளைய மாவுக்கு உறையாகப் போட்டால் அதுவும் புளிக்கும். உறைமோர் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இதில் புதுமை இல்லை.

ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், முந்தின நாள் மாவை எடுத்து வைத்து ரொட்டி சுடுவதுதான் தம் ஊர் வழக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார். கூடவே இன்னொரு சங்கதியும் சொல்கிறார். கால் தேசத்திலும் ஸ்பெயினிலும் பார்லிச் சாராயத்தின் மேலே திரள்கிற நுரையை எடுத்து மாவில் போடுகிறார்களாம். அவர்கள் ரொட்டி மற்றவர்கள் ரொட்டியைவிட லேசாக இருக்கிறதாம். ஆக, ரொட்டி வம்சத்தில் பழைய மாவின் கிளை, மதுவின் நுரைக் கிளை என்று இரண்டு கிளைகள் அன்றே பிரிந்துவிட்டன. இன்றைய தகராறு முழுவதும் இந்தப் பங்காளிகளுக்குள் நடக்கிற தகராறுதான்.

நம் தேசத்துக்கு உப்பிய ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1510இல் கோவாவைப் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு அரிசிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை. கோதுமை கிடைத்தது, நுரைக்குப் பீர் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் தென்னை நின்றது. மரத்தில் கட்டிய கலயத்தில் தானே நுரைத்துப் பொங்குகிற கள்ளை மாவில் விட்டுப் பிசைந்தார்கள். கோவாவில் "சூர்" என்று சொல்லுகிற அந்தக் கள்ளில்தான் பல தலைமுறை ரொட்டி உப்பியது. பாக் ஜலசந்திக்கு அந்தப் புறத்திலும் இதே கதை. யாழ்ப்பாணத்தார் இன்றும் ரொட்டியைப் "பாண்" என்கிறார்கள். அதைச் சுடுகிற அடுப்பைப் "போறணை" என்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கீசியன் விட்டுப்போன சொற்கள். சேதுபாவாசத்திரத்துக் கரையில் நின்றால் கடலுக்கு அக்கரை யாழ்ப்பாணம். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். இத்தனை ரொட்டி தின்னும் ஜாதிகள் வந்து குடியிருந்த கடற்கரையை வைத்துக்கொண்டு, ஜில்லாவின் உள்பக்கம் மட்டும் சோற்றுப் பானையை விட்டு அசையவில்லை!

அசையாததற்குக் காரணம் உண்டு. கள் விட்டுப் பிசைந்த மாவு, முன்பின் தெரியாதவர் கைபட்ட பண்டம் என்று ஆசாரக்காரர்கள் ரொட்டியை வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் காலம் யாரை விட்டது? அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில், தலச்சேரியில், 1880இல் மாம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலை தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை, சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி இதுபோல் ஒன்று செய்து தரச் சொன்னாராம். பாப்பு, முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் புளிக்க வைத்து, அந்தச் சாற்றைக்கொண்டு கேக் செய்து கொடுத்ததாக இன்றும் அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். 1898இல் பெங்களூரில் ஓர் ஐயங்காரே பேக்கரி திறந்துவிட்டார். ரொட்டி வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது.

இதற்குள் மேல்நாட்டில் வேறொரு புரட்சி நடந்து முடிந்திருந்தது. 1680இல் லீவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தம் பூதக்கண்ணாடியில் பீர் நொதியைப் பார்த்தார். 1857க்குப் பிறகு பாஸ்டர், புளிப்பது உயிருள்ள ஜந்துக்களின் வேலை என்று நிரூபித்தார். வேலை செய்கிற ஆள் இன்னார் என்று தெரிந்த பிறகு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? நொதியை மட்டும் தனியாக வளர்த்து, அழுத்திக் கட்டியாக்கி விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1868இல் பிளைஷ்மன் சகோதரர்கள் அந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். இதுதான் கடையில் விற்கிற ஈஸ்ட். வேலை சுருக்கமாக முடிந்தது. புளிப்பு மட்டும் வரவில்லை. 1961இல் இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரில், இயந்திரத்தை அசுர வேகத்தில் சுழற்றி, புளிக்கிற நேரத்தையே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். நம் அரசாங்கமும் 1965இல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தது. மெழுகுக் காகிதம் சுற்றிய ரொட்டி ஊர் ஊராய் வந்தது.

கள்ளின் கதையோ வேறு திசையில் போயிற்று. 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பிறகு கள்ளுக்கடை திறந்ததும் மூடியதுமாகச் சில காலம் கழிந்து, 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கு அறவே இடமில்லை. குடிகாரன் கதை இருக்கட்டும். ஆப்ப மாவின் கதை என்ன ஆயிற்று? இளநீரைச் சர்க்கரை போட்டு ஓரிரவு புளிக்க வைத்து ஊற்றினார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் சோடா உப்பைத் தட்டினார்கள். தென்னந்தோப்புகள் சூழ்ந்த எங்கள் பேராவூரணியிலும் ஆப்பம் சோடா உப்பில் உப்புகிற காலம் வந்தது. சட்டம் ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம் என்று இரண்டுமாகச் சேர்ந்து ஒரு பழைய ருசியை வழியனுப்பி வைத்தன.

பழைய மாவின் கிளை முழுவதும் பட்டுப்போய்விடவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் 1849இல் தங்கம் தேடிப் போன கூட்டத்தின் நடுவே பூடன் என்கிற பேக்கரி தோன்றியது. இன்றும் அங்கே புளித்த மாவு ரொட்டிதான் பிரதானம். அந்த ஊர் ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவை 1971இல் விஞ்ஞானிகள் விவரித்து, ஊர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் 1993இல் ஒரு சட்டமே போட்டது. புளித்த மாவு ரொட்டி என்ற பெயரில் விற்பதானால் புளிப்பு ஒரு குறிப்பிட்ட அளவாவது இருக்க வேண்டும்: பி.எச். 4.3க்கு மேல் போகலாகாது. ஒரு கிலோ ரொட்டியின் உள்சதையில் 900 மில்லிகிராமுக்குக் குறையாமல் அசிடிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த அமிலம் மாவுக்குள்ளேயே விளைந்ததாக இருக்க வேண்டும். வினிகரை ஊற்றிக் கணக்குக் காட்ட முடியாது. ஈஸ்ட் சேர்ப்பதானால் மாவின் எடையில் நூற்றுக்கு 0.2 பங்குக்கு மிகாமல் கடைசிப் பிசைதலில் சேர்க்கலாம். பங்காளிச் சண்டைக்கு இதைவிட நியாயமான பாகப் பிரிவினையை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு பட்டணத்துக் கடையில் நானும் ஒரு ரொட்டி வாங்கினேன். உறையின் முன்பக்கத்தில் பழைய கால எழுத்தில் "புளித்த மாவு" என்று இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, வினிகர், பூஞ்சைக்கு மருந்து என்று பட்டியல் நீண்டது. புளித்த மாவும் இருந்தது, ஆனால் உலர்த்திய பொடியாக, பட்டியலின் கடைசியில். நம் நாட்டுச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஆகையால் கடைசியில் இருப்பது கொஞ்சம்தான் இருக்கிறது. முன்பக்கத்தைப் படிப்பவன் வாடிக்கைக்காரன். பின்பக்கத்தைப் படிப்பவன் புத்திசாலி. 2016இல் தில்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கடை ரொட்டிகளைச் சோதித்துச் சொன்ன பிறகுதானே பொட்டாசியம் புரோமேட் என்ற மருந்தை மாவில் கலப்பதற்கு அரசாங்கம் தடை போட்டது? அதுவரை எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்கள்?

அசலுக்கு மாவு, தண்ணீர், உப்பு என்ற மூன்றே போதும். மேலோடு ஆழ்ந்த பழுப்பாக, மொரமொரப்பாக இருக்கும். உள்சதை லேசாகப் பளபளத்து, மெல்லும்போது பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும். மூக்கருகே கொண்டுபோனால் தயிர்ப்பானை திறந்த வாசனை வரவேண்டும். ஊறுகாய் ஜாடி திறந்ததுபோல் மூக்கைத் துளைத்தால் வினிகரைச் சந்தேகிக்கலாம். புளிப்பின் காவலால் இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும். பெரிய பெரிய ஓட்டைகளைக் கண்டு மயங்க வேண்டாம். ஓட்டை என்பது தண்ணீரையும் கைப்பக்குவத்தையும் பொறுத்தது. பழுப்பு நிறத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். கருக்கிய சர்க்கரைச் சாயம் மலிவாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, சுட்டவரிடமே பேச்சுக் கொடுப்பது. "அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் மாவு என்ன செய்கிறது? மார்கழியில் எத்தனை மணி நேரம் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் அரைமணி நேரம் தம் மாவைப் பற்றிப் பிள்ளையைப் பற்றிப் புலம்புவதுபோல் புலம்புவார். மற்றவர் விலைப் பட்டியலை நீட்டுவார்.

ஈஸ்ட் ரொட்டி போலி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கிற அந்தப் பொட்டலம் எதையும் நடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துச் சரக்குக்கு இரண்டு மணி நேரத்து விலை. பதினெட்டு மணி நேரம் காத்திருந்ததாகச் சொல்லி அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு, காத்திருக்காமல் இருப்பதுதான் மோசடி. களவு போவது நம் பணம் மட்டுமல்ல. உண்மையாகவே இரவெல்லாம் கண்விழித்துச் சுடுகிறவனுடைய பிழைப்பும் கூடப் போகிறது.

இது ரொட்டியோடு நிற்கிற சமாசாரமும் அல்ல. இட்லியின் பழமையை ஆராய்ந்தவர்கள் 920ஆம் ஆண்டையொட்டிய ஒரு கன்னட நூலில் "இட்டலிகே" என்ற பெயரைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய குடும்பத்துப் பண்டத்துக்கும் இப்போது பாக்கெட் மாவு வந்துவிட்டது. எங்கள் தெரு முனையிலேயே மாலையில் வாங்கலாம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய சௌகரியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாவைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இன்னும் நாலு நாழிகை போகட்டும்" என்று சொல்லுகிற கிழவிகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களுக்குப் பி.எச். தெரியாது, பிரெஞ்சுச் சட்டமும் தெரியாது. மாவு தானாகப் புளித்ததா, புளிக்க வைக்கப்பட்டதா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார்கள். அந்த மூக்குகள் இருக்கிற வீடுகளில் பிள்ளைகளை ஒருநாள் பானைக்கு அருகே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவர்களை எந்த உறையும் ஏமாற்றாது.